ஓரத்தில் எண்ணெய்க் கறை

இன்னாசியம்மாளுக்குப் பேச்சு வராது என்பது பொன்மலைப்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். ஊமை என்று அர்த்தமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்க மாட்டாள், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். யாராவது பக்கத்தில் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை தெருவில் யார் வீட்டிலாவது அன்பியக் கூட்டம் நடக்கும். பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் கூடி, விவிலியத்தில் ஒரு பகுதியை வாசித்து, ஜெபம் சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைவார்கள். வாசித்ததைப் பற்றி ஆளாளுக்கு மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். இன்னாசியம்மாள் கதவோரமாக உட்கார்ந்திருப்பாள். அவள் முறை வரும்போது, "கேட்டதே போதும் டீச்சர்" என்பாள். கூட்டத்தை நடத்தும் ஜெசிந்தா டீச்சரும் பெருமூச்சு விட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பல வருஷமாக இதுதான் நடக்கிறது.

ஆனால் அவள் கவனிப்பாள். யார் யாரோடு ஒரே பாயில் உட்காரவில்லை, யார் பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைக்கிறார்கள், எந்த மருமகள் மாமியார் நீட்டிய டம்ளரைக் கையில் வாங்காமல் கீழே வைக்கச் சொல்கிறாள், எல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். வெளியே ஒரு வார்த்தை போகாது.

ஜனவரியில் அந்த வருஷத்துக்கான தாள் வந்தது. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு குடும்பக் கதை. காயினும் ஆபேலும், சாராவும் ஆகாரும், யோசேப்பும் அண்ணன்மாரும், தாவீதும் அப்சலோமும் என்று பங்குச் சாமியார் பழைய ஏற்பாட்டிலிருந்து பொறுக்கி எடுத்திருந்தார்.

"சாமியார் நம்ம தெருச் சண்டையெல்லாம் லிஸ்ட் எடுத்துட்டாரு போல" என்று யாரோ சொல்லச் சிரிப்பு கிளம்பியது. இன்னாசியம்மாள் தாளை முழங்காலில் விரித்து விரலை ஓட்டிக்கொண்டே போனாள். ஆகஸ்ட் மாதம், இன்னாசியம்மாள் வீடு, ஏசாவும் யாக்கோபும். விரல் அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலையிலேயே டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஆகஸ்டில் தனக்கு மூட்டுவலி அதிகமாகும் என்று சொல்லிச் செப்டம்பருக்கு மாற்றிக்கொண்டாள். ஆகஸ்டில் வரப்போகும் வலியை ஜனவரியிலேயே தெரிந்துவைத்திருக்கும் பெண்ணை டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பிறகு தாளில் மாற்றி எழுதிக்கொண்டார். செப்டம்பர் கதை லேயாவும் ராகேலும். அக்கா தங்கைச் சண்டை. இன்னாசியம்மாளுக்கு அக்காவும் இல்லை, தங்கையும் இல்லை. நிம்மதியாக வீடு திரும்பினாள்.

ஆகஸ்ட் கடைசியில் பாதித் தெரு வேளாங்கண்ணிக்கு நடைபயணம் கிளம்பிவிடும் என்பதை அவள் மறந்துபோனாள். வருஷா வருஷம் நடப்பதுதான். காவி உடுத்திக்கொண்டு, தேர் இழுத்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் போய்விட்டார்கள். ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஆளில்லை. வரிசை கெடக்கூடாது, விட்டுப்போன கதையை அடுத்த வீட்டில் வாசியுங்கள் என்று சாமியார் சொல்லிவிட்டார். ஒதுங்கி வழிவிட்ட கதை சுற்றிக்கொண்டு வந்து அவள் வீட்டு வாசலிலேயே நின்றது.

செப்டம்பர் கூட்டம் நடக்கவிருந்த வெள்ளிக்கிழமை அவள் கை ஒரு வேலையிலும் நிலைகொள்ளவில்லை. கூட்டத்துக்குச் சுண்டல் செய்ய முந்தின நாளே கொண்டைக்கடலை ஊறப்போட்டிருக்க வேண்டும். மறந்துவிட்டாள். ஊறவைக்காமல் வேகக்கூடியது பாசிப்பயறுதான் என்று அதை எடுத்துக் குக்கரில் போட்டாள். அடுத்த வீட்டு ராக்கம்மாள் வந்து தேங்காய் துருவிக் கொடுத்தாள். ராக்கம்மாள் மாரியம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுப்பவள். ஆனாலும் அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் நடந்தாலும் வந்துவிடுவாள். கதை கேட்கப் பிடிக்கும். யாரும் அவளை வராதே என்று சொன்னதில்லை.

சாயங்காலம் ரயில்வே ஒர்க் ஷாப்பில் சங்கு ஊதியது. சின்ன மகன் கிளமெண்ட் அங்கேதான் வேலை பார்க்கிறான். வேலை விட்டதும் காந்தி மார்க்கெட் போய்ப் பேப்பர் கப்பும் வாழைப்பழமும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். வர ஆறு மணி ஆகும்.

வாசலில் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு படிகள் இரண்டையும் ஒரே எட்டில் தாண்டிய காலடி. இன்னாசியம்மாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்த வீட்டுப் படியை அப்படி ஏறுகிறவன் ஒருவன்தான். அவன் ஏறி இருபத்து மூன்று வருஷமாகிறது.

"அம்மா."

பெரியவன் விக்டர். நாற்பத்தொன்பது வயது. காதோரம் நரைத்திருந்தது. மணப்பாறை முறுக்கைத் தகரடின்களில் ஏற்றி ஊர் ஊராகப் போடும் வேன் அவனுடையது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் அம்மாவைப் பார்ப்பான். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அப்பாவின் கல்லறையில் அவள் மெழுகுவத்தி ஏற்ற, அவன் மாலை போடுவான். "நல்லா இருக்கியா", "இருக்கேன்", "சாப்பிட்டியா." அதோடு சரி. தம்பி வருவதற்குள் கிளம்பிவிடுவான்.

"உள்ள வாப்பா."

"அவன் இருக்கானா?"

"மார்க்கெட் போயிருக்கான்."

"வர்றதுக்குள்ள போயிடறேன். ஸ்ரீரங்கத்துல ஒரு கல்யாண வீட்டுக்கு முறுக்கு இறக்கிட்டு அப்படியே வந்தேன்."

ராக்கம்மாள் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்கா இது, பெரிய புள்ளயா? அஞ்சு வருசமா பக்கத்து வீட்ல இருக்கேன், ஒரு வார்த்த சொல்லலியே! உக்காரு தம்பி, டீ போடறேன்."

"தண்ணி போதும்ங்க."

அந்த வீட்டில் அவன் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாங்கமாட்டான் என்பது இன்னாசியம்மாளுக்குத் தெரியும். அங்கே அவன் சாப்பிட்ட ஒரு மத்தியானச் சோறும் அவளுக்கு மறக்கவில்லை.

அவள் புருஷன் சந்தியாகு ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். ஐம்பத்திரண்டு வயதில், வேலையிலிருக்கும்போதே நெஞ்சுவலி வந்து போய்விட்டான். வாரிசு வேலை ஒன்று கிடைக்கும் என்றார்கள். யாருக்கு என்பதை விதவைதான் எழுதித் தரவேண்டும், மற்ற பிள்ளை தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும் என்றார்கள். பெரியவனுக்குத்தான் என் வேலை என்று சந்தியாகு உயிரோடு இருந்தபோது ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான். விக்டர் அப்பாவின் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்கும் மீன் வாங்கவும் இருவரும் ஒரே சைக்கிளில் போவார்கள். அவன் அப்போது தொட்டியத்திலிருந்து காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். தார் தூக்கித் தூக்கித் தோள் கறுத்திருக்கும்.

கிளமெண்ட் அம்மாவின் பிள்ளை. சின்ன வயதிலிருந்து இழுப்பு. பனிக்காலத்தில் மூச்சுக்குத் தவிக்கும் அவனை நிமிர்த்தி மடியில் சாய்த்துக்கொண்டு அவள் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள். பெரியவன் எங்கே விழுந்தாலும் எழுந்துகொள்வான், சின்னவன் விழுந்தால் கிடந்துபோவான் என்று அவளுக்குள் ஒரு கணக்கு. யாரிடமும் அதை அவள் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், லாரி இறக்கிவிட்டு மத்தியானம் பசியோடு வந்தான் விக்டர். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் சோறு போட்டுக் குழம்பு ஊற்றும்போது அவள் அந்தத் தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். "அப்பா பென்ஷனுக்கு ஒரு கையெழுத்து போடணுமாம்." அவன் விரலை நக்கிவிட்டு, துண்டில் துடைத்து, படித்துப் பார்க்காமல் போட்டான். தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை ஒட்டிக்கொண்டது. ஆபீசில் அதை வாங்கிய குமாஸ்தா முகர்ந்து பார்த்து, "என்னம்மா, கருவாட்டுல மடிச்சுக் கொண்டாந்தியா?" என்று சிரித்தார்.

மூன்று மாதம் கழித்துக் கிளமெண்ட் பெயரில் ஆர்டர் வந்தது. அதற்குள் விக்டர் லாரி முதலாளியிடம் ரயில்வே வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டிருந்தான். நண்பர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தான். வீட்டுக்கு வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தான். "என்ன எழுதி அம்மாகிட்ட குடுத்தடா? படிக்கத் தெரியாதவள வச்சு என் கையெழுத்த வாங்கினியா?" கை ஓங்கியவன், தம்பிக்கு இழுப்பு கண்டதும் விட்டுவிட்டான். அப்பா செத்த துக்கம் தீரட்டும், உன்னைக் கொன்று போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். இன்னாசியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவன் மணப்பாறையில் பெண் எடுத்தான், கல்யாணத்துக்கு இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. நல்ல வேலையிலிருக்கும் கிளமெண்டுக்கு வரன்கள் வந்தன. அண்ணன் வந்து நிற்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே நாற்பத்துநாலு வயதாகிவிட்டது.

விக்டர் பையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தான். உறையின் மேல் அவள் பெயர் மட்டும் எழுதியிருந்தது.

"யாழினிக்குக் கல்யாணம்மா. அடுத்த மாசக் கடைசி. மணப்பாறைலதான்."

பேத்தியின் பத்திரிகையை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"கோயிலுக்குக் கிளம்பறப்ப பொண்ணு முட்டி போடும்ல, அப்ப மொத சிலுவ நீதான் நெத்தியில போட்டு ஆசீர்வதிக்கணும். அப்பாவும் இல்ல, அவ அம்மாவப் பெத்தவங்களும் போய்ட்டாங்க. பெரியவங்கன்னு நீ ஒருத்திதான்."

அவள் தலையை ஆட்டினாள். சிலுவை போடும் வலது கைக் கட்டைவிரல் தானாகவே ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டிருந்தது.

"நீ மட்டும் வா. அவன் வரக்கூடாது. பந்தலுக்கு வெளில கூட நிக்கக்கூடாது. படிக்காத பொம்பளைய ஏமாத்தினவன் மொகத்துல நான் முழிக்க மாட்டேன்."

"விக்டரு..."

"நீ ஒண்ணும் சொல்லாத. உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

அந்தச் சொல் அவளை அங்கேயே உட்காரவைத்தது. அவன் எழுந்து செருப்பை மாட்டப் போகும்போதுதான் டீச்சர் வந்துவிட்டார். பின்னாலேயே ஏழெட்டுப் பேர், பாய், பாட்டுப் புத்தகம்.

"யாரு, விக்டரா? என் க்ளாஸ்ல கடைசி பென்ச்! எங்கடா கிளம்பற? வீட்டுப் புள்ள இருக்கறப்ப வாசகத்த வேற யாரு வாசிக்கறது? உக்காரு."

"இல்ல டீச்சர், வண்டி..."

"வண்டி ஓடியா போகும்? பத்து நிமிஷம்."

அந்தக் குரலுக்கு ஐந்தாம் வகுப்பில் கட்டுப்பட்டவன், இப்போதும் கட்டுப்பட்டான். டீச்சர் பக்கத்தைத் திறந்து விவிலியத்தை அவன் கையில் வைத்தார். இன்னாசியம்மாள் கதவோரம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். மடியில் பத்திரிகை.

டீச்சர் முன்கதையைச் சொன்னார். ரெபேக்கா வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் ஏசா, உடம்பெல்லாம் ரோமம், வேட்டைக்காரன், அப்பா செல்லம். இளையவன் யாக்கோபு, கூடாரத்திலேயே கிடப்பான், அம்மா செல்லம். ஒரு நாள் மூத்தவன் பசியோடு வந்தபோது இளையவன் பயறு காய்ச்சிக்கொண்டிருந்தான். ஒரு வாய் கொடு என்றதற்கு, உன் மூத்தவன் உரிமையைக் கொடு என்றான். பசியில் அவனும் சரி என்றுவிட்டான்.

"பயத்தங்கூழுக்கா வித்தான்?" ராக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீங்களும் இன்னிக்குப் பயறுதான வேகவச்சிருக்கீங்க! யாரும் சுண்டல வாங்கித் தின்னுட்டு எதையாவது எழுதிக் குடுத்துறாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். விக்டர் சிரிக்கவில்லை. குக்கரிலிருந்து வந்த வாசனையே இன்னாசியம்மாளைக் காட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது.

விக்டர் வாசித்தான். கண் தெரியாத கிழத் தகப்பன், சாவதற்கு முன் மூத்தவனுக்கு ஆசி கொடுக்கக் காத்திருக்கிறான். இளையவன் அண்ணன் வேஷத்தில் போய் அதை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். வேட்டைக்கறி சமைத்து எடுத்துக்கொண்டு வந்த மூத்தவன் விஷயம் தெரிந்து அலறுகிறான். அப்பா, உம்மிடம் ஒரே ஓர் ஆசிதான் இருந்ததா, எனக்கென்று ஒன்றும் மிச்சமில்லையா என்று கதறி அழுகிறான். அந்த இடத்தில் விக்டரின் குரல் கம்மியது. கனைத்துக்கொண்டு, முடித்தான்.

யாரோ கடவுளுடைய திட்டம் என்றார்கள். இன்னொருத்தி, பொறுமை வேண்டும் என்று கற்றுக்கொண்டேன் என்றாள். டீச்சர் விக்டரைப் பார்த்தார்.

"தம்பிக்காரனுங்க அப்படித்தான் டீச்சர்" என்றான். "கேட்டா மூஞ்சிய பாவமா வச்சுக்குவானுங்க. அந்த அப்பாவும் அம்மாவும்தான் பாவம். கண்ணு தெரியாதவரு ஒருத்தர். அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"இல்ல விக்டர்" என்றார் டீச்சர். "நீ பாதியிலேருந்து வாசிச்ச. முன்னாடி பக்கத்துல இருக்கு பாரு. யோசனையே அந்தம்மாதான். கறி சமைச்சுக் குடுத்ததும் அவதான். தடவிப் பாத்தா அண்ணன் கை மாதிரி இருக்கணும்னு சின்னவன் கையில ஆட்டுத் தோலக் கட்டிவிட்டதும் அவதான். அவன் பயந்தான். சாபம் வந்தா எம்மேல வரட்டும், நீ போன்னு அனுப்பினா."

விக்டர் புரட்டிப் பார்த்தான். உதடு அசைந்தது.

"எதுக்கு டீச்சர்?" ராக்கம்மாள் பாயில் நகர்ந்து முன்னால் வந்தாள். "ரெண்டும் அவ வயித்துல பொறந்ததுதான? ஒண்ண எடுத்து ஒண்ணுக்குக் குடுக்க எப்படி மனசு வரும்? பெறகு என்ன ஆச்சு?"

"மூத்தவன் கொல்லுவேன்னான். கொஞ்ச நாள் மாமன் வீட்ல இருந்துட்டு வான்னு சின்னவன அனுப்பிட்டா. அது இருவது வருஷம் ஆயிடுச்சு."

"திரும்பி வந்தப்ப அவ பாத்தாளா?"

டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "அண்ணன் தம்பி பாத்துக்கிட்டாங்க. மூத்தவன் ஓடி வந்து கட்டிப்புடிச்சு அழுதான்."

"அத கேக்கல டீச்சர். அவ பாத்தாளா?"

"அத எழுதல" என்றார் டீச்சர். "அவளப் பத்தி அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதல."

கேட் திறந்தது. கிளமெண்ட், ஒரு கையில் பேப்பர் கப், ஒரு கையில் பழச் சீப்பு. அண்ணனின் வேனைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். வாசற்படிக்குக் கீழேயே நின்றான். விக்டர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்தான்.

அவன் இப்போது போய்விடுவான். தம்பியின் முகத்தைப் பார்க்காமல் போவான். அடுத்த மாதம் அவள் தனியாக மணப்பாறைக்கு பஸ் ஏறிப் போய், அந்தப் பெண்ணின் நெற்றியில் சிலுவை போடுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுதான் அவளுக்கு நன்றாக வருமே. இன்னாசியம்மாள் வாசலில் நின்ற சின்னவனைப் பார்த்தாள். சட்டைக் கழுத்தில் ஒர்க் ஷாப் அழுக்கு. காதோரம் அவனுக்கும் நரைத்திருந்ததை, தினமும் பார்க்கிறவள், அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"டீச்சர், நான் சொல்லணும்."

டீச்சருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "பாருங்க, இன்னாசியம்மா வாயத் தொறக்கறாங்க! சொல்லுங்க, சொல்லுங்க. விக்டர், உங்கம்மா பேசறாங்க, நில்லு."

அவள் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"விக்டரு, நீ கையெழுத்து போட்ட அந்தக் கடுதாசிய, தபாலாபீஸ் பக்கத்துல டைப் அடிச்சு வாங்கினது நான். பென்ஷன் பேப்பர்னு சொன்னது நான். கிளமெண்டுக்குத் தெரியாது. அண்ணன் உனக்கு விட்டுக்குடுத்துட்டான்னு அவன்கிட்ட சொன்னேன். உங்கிட்ட ஒண்ணுமே சொல்லல. நீ அவன் சட்டையப் புடிச்சுக் கேட்டப்ப நான் அடுப்பப் பாத்துக்கிட்டு நின்னேன்."

டீச்சரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ராக்கம்மாள்தான் முதலில் எழுந்தாள். "எந்திரிங்க, எந்திரிங்க. காத்தாட வெளில நிப்போம்" என்று எல்லோரையும் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

கிளமெண்ட் உள்ளே வந்தான். கூடத்தில் மூன்று பேர். விக்டர் தம்பி பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

"நீ அடிக்க வந்த அன்னிக்குத் தெரியும்."

"ஏன்டா சொல்லல?"

கிளமெண்ட் கப்புக் கட்டை ஜன்னலில் வைத்தான். "சொன்னா அம்மாவயும் விட்டுட்டுப் போயிருப்ப. பழி எம்மேல மட்டும்னா அம்மாவப் பாக்க வருஷத்துக்கு ஒருநாளாவது வருவ."

விக்டர் அம்மாவிடம் மெதுவாகத்தான் கேட்டான்.

"அன்னிக்கு என்ன கொழம்பு?"

"நெத்திலிக் கருவாடு."

"ரெண்டாவது சோறு கேட்டு வாங்கினேன்." தலையை ஆட்டிக்கொண்டான். "ஏம்மா?"

"அவனுக்கு இழுப்பு..."

"அது எனக்குத் தெரியாதா? நானும்தான தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீ மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான். "குடுத்திருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அத நான் சொல்லியிருக்கணும்மா. உம் மூஞ்சியப் பாத்து நான் சொல்லியிருக்கணும். அதக் கூட எனக்கு வைக்கல நீ."

அவள் மடியிலிருந்த பத்திரிகையைப் பார்த்தான். அவள் அதை இரண்டு கையாலும் நீட்டினாள், எடுத்துக்கொள் என்பதுபோல. அவன் வாங்கவில்லை. வெளியே போனான். வேன் கதவு திறக்கும் சத்தம். திரும்பி வரும்போது கையில் இன்னொரு பத்திரிகையும் பேனாவும் இருந்தன. ஜன்னல் கட்டையில் வைத்துக் கிளமெண்ட் என்று எழுதினான். எழுதி முடித்தும் உடனே கொடுக்கவில்லை. சற்று நேரம் அந்தப் பெயரையே பார்த்துவிட்டு நீட்டினான்.

"பெரிய மனுசன் மாதிரி கடைசில வந்து நிக்காத. முந்தின நாளே வந்துடு. பந்தல்ல வேல இருக்கு."

கிளமெண்ட் வாங்கிக்கொண்டான். பேச வராமல் மூச்சு இழுத்தது.

"மருந்த அடிடா மொதல்ல" என்றான் விக்டர்.

பிறகு அம்மாவிடம் வந்தான். உட்காரவில்லை.

"நீயும் வா. கோயில்ல பென்ச்சுல உக்காரு. சிலுவ மட்டும் வேண்டாம்."

இன்னாசியம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இல்லை.

"சரிப்பா" என்றாள். அவன் செருப்பு மாட்டும்போது, "நவம்பர் ரெண்டாந்தேதி வருவியா?" என்று கேட்டாள்.

"அப்பாவுக்கு வருவேன்."

வாசலில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். ராக்கம்மாள் யாரையும் கேட்காமல் சமையற்கட்டுக்குள் போய், ஒரு கப்பில் சுண்டலை அள்ளிக் கிளமெண்ட் கையில் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பினாள். இன்னாசியம்மாள் கதவோரமாக நின்று பார்த்தாள். கிளமெண்ட் வேன் ஜன்னல் வழியாக அதை நீட்டினான். விக்டர் கொஞ்ச நேரம் கப்பைப் பார்த்தான். வாங்கினான். தின்னவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால், மாதா படத்துக்குப் பக்கத்தில் சாயாமல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

முடிவு ஜெபம் இன்னும் சொல்லவில்லை என்று டீச்சர் மெல்ல நினைவுபடுத்தினார். எல்லோரும் உள்ளே வந்து அவரவர் பாயில் உட்கார்ந்தார்கள். இன்னாசியம்மாள் மீதிக் கப்புகளைப் பிரித்து வரிசையாக அடுக்கினாள். கட்டைவிரல் சும்மா இருக்க முடியாமல் ஒவ்வொரு கப்பின் விளிம்பையும் தடவிக்கொண்டு போனது.